தள்ளிப்போட்ட டயர்கள்

அன்பு மகள் மெர்யாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்பு தேவலை, முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி நடந்துகொள்கிறது. அப்பா அந்த முதியோர் இல்லத்தில் இருக்கிறபடி இருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இப்போது வெயில் ஏறியிருக்கும், வெளியே போனால் தலையில் ஏதாவது போட்டுக்கொள். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், இரண்டும் வேண்டாம் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், நான் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போனேன் என்று உனக்குத் தெரியும், பொறுமையாகப் படி.

இந்த வருஷம் காட்டில் சிவப்புப் பழம் கொட்டிக் கிடந்தது. வாளி வாளியாகப் பறித்து வந்து ஃப்ரீசரில் போட்டு வைத்திருக்கிறேன், ஜாம் கிண்டவில்லை, கிண்ட மனசு வரவில்லை, அது ஏன் என்று கீழே வரும். ஏரி ஓரம் மட்டும் உறைந்திருக்கிறது, நடுவில் இன்னும் கறுப்பாகத் தண்ணீர் தெரிகிறது. கோடை டயரைக் கழற்றிவிட்டுப் பனிக்கு ஆணி பதித்த டயர் மாட்டும் நாளைப் பற்றி நம் ஊரில் ஆளுக்கு ஒரு கணக்கு என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்கூல் டீச்சர் காலண்டரைப் பார்த்து மாற்றுவாள். வேட்டைக்காரர்கள் வேட்டை முடிந்ததும் மாற்றுவார்கள், அதற்கு முன்னால் பனி விழுந்தால் அது பனியின் தப்பு என்பார்கள். கடைக்காரர் அன்னம் தெற்கே பறந்து போவதைப் பார்ப்பார், ஒரு வருஷம் ஏரியில் ஒரு நொண்டி அன்னம் போகாமலே உட்கார்ந்திருந்தது, அவரும் மாற்றாமல் உட்கார்ந்திருந்து கடைசியில் தேவாலயச் சுவரில் கொண்டுபோய் இடித்தார். அப்பாவின் கணக்கு பாலம். கீழே காற்றுப் போவதால் தரைக்கு முன்னால் பாலம்தான் உறையும், காலையில் நடந்து போய் பூட்ஸ் குதிகாலால் தேய்த்துப் பார்ப்பார், வழுக்கினால் அன்றைக்கே கொட்டகையிலிருந்து ஜாக்கியை எடுத்துவிடுவார். சீக்கிரம் மாற்றினால் வெறும் ரோட்டில் ஆணியெல்லாம் தேய்ந்துவிடும், பிந்தினால் நாமே பள்ளத்தில் கிடப்போம், நடுவில் ஒரு நாள் இருக்கிறது, அதைப் பிடிக்கிறவர்தான் மனுஷர் என்பார். அவர் இல்லத்துக்குப் போனபிறகு நானும் பாலத்துக்குத்தான் போகிறேன். மாற்றித் தருவது மட்டும் பக்கத்து வீட்டு எஸ்கோ, அந்த நட்டுகளைத் திருகுகிற பலம் என் மணிக்கட்டில் இல்லை.

இந்த வருஷம் அக்டோபர் பிறந்து கொஞ்ச நாளிலேயே பாலத்தில் என் குதிகால் சர்ரென்று போனது. அங்கிருந்து நேரே எஸ்கோ வீட்டுக்குப் போனேன். அவன் வானத்தைப் பார்த்தான், கையை நீட்டிக் காற்றைப் பார்த்தான், பெரிய ஆராய்ச்சிக்காரன் மாதிரி. "தரை இன்னும் வெறுந்தரையாத்தான கெடக்கு ஹில்க்கா, இப்பவே ஆணி டயர் போட்டா ஆணி எல்லாம் மொட்டையாப் போயிரும், பொறு" என்றான். சரி, அனுபவசாலி சொல்கிறான் என்று வந்துவிட்டேன். அடுத்த வாரம் கேட்டால், "வேட்டை நடக்குதுல்ல, நான் போகலன்னா அவனுங்க மானுக்குப் பதிலா ஒருத்தன ஒருத்தன் சுட்டுக்குவானுங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அதுவரை மத்தியானத்தில் ரோடு காய்ந்தபிறகு மெதுவாகப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் விடிந்து பார்த்தால் முற்றமெல்லாம் வெள்ளை. அன்றைக்குப் போனால் எஸ்கோ சோபாவில் நீட்டிப் படுத்திருக்கிறான். "முதுகு பிடிச்சுக்கிச்சு ஹில்க்கா, குனிய முடியல, என் காரே கோடை டயர்லதான் நிக்குது பாரு" என்று முனகினான். எனக்கு ஐயோ பாவமே என்றிருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவின் வலித் தைலத்தை எடுத்துக்கொண்டு, ஏலக்காய் பன்னும் ஒரு தட்டு சுட்டு அவனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெர்யா, நான் பன் சுட்டுக் கொடுத்தேன் அவனுக்கு. டவுன் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டால், முதல் பனி விழுந்ததும் ஊரே அங்கே வரிசையில் நிற்கிறது, நவம்பர் கடைசியில்தான் இடம் என்றார்கள். அதுவும் காரை அங்கே கொண்டுபோக வேண்டும், எந்த டயரில் கொண்டுபோவது?

காரை எடுக்காமல், அப்பாவைப் பார்க்காமல் அப்படியே நாள் போனது. கல்லறைத் திருநாளுக்குக்கூட நான் போய் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. நம் பக்கம் பஸ் நின்று வருஷக்கணக்காகிறது என்று உனக்குத் தெரியும். அப்பாவுக்கு என் பேர் மறந்துவிட்டது, உன் பேரும் மறந்துவிட்டது, சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். ஆனால் நான் கோட்டைக் கழற்றும்போது, "ரோடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். தவறாமல் கேட்கிற ஒரே கேள்வி அதுதான். நான் சொல்லச் சொல்ல முகம் தெளியும், ஒவ்வொரு வளைவாகச் சொல்வேன், தலையை ஆட்டுவார், அப்புறம்தான் சூப்பைக் குடிப்பார். நான் போகாத அந்த நாட்களில் அவர் ஜன்னலை விட்டு வரமாட்டேன் என்றதாகவும், ஸ்பூனைக் கையால் தட்டிவிட்டதாகவும் நர்ஸ் பெண் போனில் சொன்னாள். இதை உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ போன் செய்தாய். "டயர் மாத்தியாச்சாம்மா?" என்று நீதான் கேட்டாய். இல்லை, எஸ்கோ பொறுக்கச் சொல்கிறான் என்றால், "மாமா சொன்னா சரியாத்தாம்மா இருக்கும், நீ அவசரப்படாத" என்றாய். முதுகு பிடித்துக்கொண்டது என்றால், "அடடா, பாவம்" என்றாய். அந்த "அடடா" இருக்கிறதே, அதை நினைத்தால் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். நடுவில் இரண்டு நாள் வெயில் அடித்து ரோட்டில் பனி கரைந்து தார் தெரிந்தது. நான் ரோட்டோரம் தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு கார் வரும் சத்தம் கேட்டது, இரும்புச் சட்டியில் பட்டாணி போட்டு உருட்டினால் வருமே, அந்தச் சடசடப்பு. வெறும் தாரில் ஆணி டயர் போடுகிற சத்தம், இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். யாரோ என்று நிமிர்ந்தால் எஸ்கோவின் கார். எஸ்கோவே ஓட்டி வருகிறான், முதுகு நிமிர்ந்து. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினான், நிற்காமல் போய்விட்டான். என்னைப் பார்த்துவிட்டு நின்று ரெண்டு வார்த்தை பேசாமல் அவன் போனதே கிடையாது. தபாலைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தேன். அவன் பெண்டாட்டி ரவுனி காப்பி வடித்துக்கொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு எஸ்கோ வருகிறான், மார்பு வரைக்கும் விறகு அடுக்கிக்கொண்டு. என்னைக் கண்டதும் அப்படியே நின்றான், விறகைப் போடவும் தெரியவில்லை, பிடித்துக்கொள்ளவும் தெரியவில்லை. "முதுகு எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன். ரவுனி காப்பிப் பானையை டங்கென்று வைத்தாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? என்னால இந்தப் பன்னத் தின்னுட்டு நடிக்க முடியாது" என்றாள். அவன்தான் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. "உன் பொண்ணு போன் பண்ணிச்சு ஹில்க்கா. இந்த வருஷம் டயர மாத்தாதீங்க மாமா, எதையாவது சொல்லி இழுத்துக்கிட்டே போங்க, பனி கொட்டிருச்சுன்னா அம்மா தானாவே கார விட்டுரும்னு அழுதுச்சு. நான் என்ன பண்ணுவேன்?" என்றான்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. நீ எதற்குப் பயந்தாய் என்று எனக்குத் தெரியும், போன குளிருக்கு நான் காரைப் பனித்திட்டில் சொருகினதற்குத்தான். அது உனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லித்தான் தெரியும். குதிரை உயரத்துக்கு ஒரு காட்டுமான் ரோட்டில் நின்றது, பிரேக் போட்டேன், கார் போய்த் திட்டில் உட்கார்ந்தது, பனி தள்ளும் வண்டிக்காரர் வந்து இழுக்கிற வரைக்கும் நான் பன் தின்றுகொண்டிருந்தேன், மான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். நீயும் சிரித்தாய். அப்போதே "அம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சண்டை போட்டிருப்பேன், போடமாட்டேன் என்று சொல்லவில்லை. சண்டை போட்டால் என்ன, நாம் போடாத சண்டையா? உனக்குப் பதினாறு வயதில் மூன்று வாரம் என்னோடு பேசாமல் இருந்தாயே, அதற்குக்கூட நான் இப்படிக் கலங்கவில்லை, அது முகத்துக்கு நேரே இருந்தது. இது அடுத்த வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு முனகியது. ஊரில் யார் யாருக்குத் தெரியும் என்றும் எனக்குத் தெரியாது, கடைக்காரர் என்னைப் பார்த்து "இன்னும் மாத்தலயா" என்று கேட்டது சும்மாவா, தெரிந்தா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. இந்த வயதில் சொந்த ஊரில் ஆட்களின் முகத்தைத் துருவிப் பார்க்கும்படி வைத்துவிட்டாய்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பயத்தில்தான் செய்தாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் வலி குறையவும் இல்லை.

மறுநாள் காலையில் ரவுனி வீல் ஸ்பேனரோடு என் முற்றத்துக்கு வந்தாள். நாங்கள் இருவருமாகவே மாற்றினோம். நட்டு அசையவில்லை, ரவுனி ஸ்பேனர் மேலேயே ஏறி நின்று குதித்தாள், அவள் கனத்துக்கு எந்த நட்டும் வழிவிடும். எஸ்கோ வேலிப்பக்கம் நின்று, "ஜாக்கிய அங்க வைக்காத, கொஞ்சம் முன்னால வை" என்றான். "மூணு வாரமா விறைச்சுக் கெடந்த முதுகு இன்னிக்கு எந்திரிச்சு நடமாடுதாக்கும்? போய்ப் படு!" என்று அவள் போட்ட சத்தம் ஏரிக்கு அந்தக் கரைக்குக் கேட்டிருக்கும். அவன் சொன்ன இடமும் சரிதான், அங்கேதான் வைத்தோம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ரவுனி மாதிரியே ஸ்பேனரை மிதித்து நட்டுகளை மறுபடி முறுக்கினேன். அங்கிருந்தே அப்பாவைப் பார்க்கப் போனேன். இளைத்துப்போயிருக்கிறார். ரோடு எப்படி என்று கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், முதல் வளைவிலிருந்து கடைசி வரைக்கும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நர்ஸ் பெண், விட்டுப்போனது திரும்ப வர நாளாகலாம், வராமலும் போகலாம் என்றாள். இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை, நடந்தது, நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னதை மாற்றாதே, வா. ஸ்டேஷனுக்கு வேறு யாரையும் வரச் சொல்லாதே, நான்தான் வருவேன். பின்னால் உட்காராதே, என் பக்கத்தில் உட்கார். இரண்டு பேரும் அப்பாவிடம் போவோம், போகிற வழியெல்லாம் என் கையைப் பார், காலைப் பார், கண்ணைப் பார், லைசென்ஸுக்குச் சோதனை போடுகிறவர்களை விட நன்றாகப் பார். இவள் இனிமேல் ஓட்டக் கூடாது என்று உனக்குத் தோன்றினால் வண்டியை நிறுத்தச் சொல், என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, போதும்" என்று உன் வாயால் சொல். அந்த இடத்திலேயே சாவியை உன் கையில் வைக்கிறேன், சத்தியம். அப்புறம் அப்பாவை யார் போய்ப் பார்ப்பது என்பதையும் அதே வாயால் நீ சொல்ல வேண்டும்.

கம்பளி உள்ளாடை இங்கே இருக்கிறது, சுமந்துகொண்டு வராதே, பிள்ளைகளுக்குக் கையுறை மட்டும் வாங்கி வா. நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்க வேண்டும், இந்தக் கோபத்திலும் தினமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். என் முகத்தைப் பார்த்து இல்லை என்றோ சரி என்றோ சொல்லும் தைரியத்தையும் ஆண்டவர் உனக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
ஹில்க்கா