லேஞ்சி போட்டுப் பிடித்த இடம்

தோஹா
10.11.2024

அன்புள்ள ரஜனிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. மெசேஜ் போட்டால், பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை என்று அதற்கும் சண்டை. "சொல்றத எழுதி அனுப்புங்க, நான் ஆறுதலா வாசிக்கிறேன்" என்று நீதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். எழுத்து அங்கங்கே கலைந்திருக்கும், பொறுத்துக்கொள். இடதுகைக்காரன் எழுதினால் ஈர மையை அவன் கையே துடைத்துக்கொண்டு போகும்.

விஷயத்துக்கு வருகிறேன். வாங்கிவிட்டேன்! இவ்வளவு காலம் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த பேஸ் கிட்டார் இப்போது என் கட்டிலில் படுத்திருக்கிறது. நான் கீழே பாய் விரித்துப் படுக்கிறேன்.

அமெரிக்காவில் செய்தது. விலையைச் சொல்ல மாட்டேன், அம்மா காதில் விழுந்தால் தோஹாவுக்கே வந்து அடிப்பாள். உக்குவளையில் ஒரு பழைய த்ரீவீல் வாங்கி ஓட்டலாம் என்று வைத்துக்கொள். ஆனால் விலையை விடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. இது இடதுகைக்காரனுக்கென்றே செய்த பேஸ். வீட்டில் இருக்கும் பழையது வலதுகைக்காரனுடையது. அதைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளைக் கழற்றி எனக்கு ஏற்ற மாதிரி இடம் மாற்றிக் கட்டித்தான் இத்தனை வருடம் ஓட்டினேன். பள்ளிக்கூட மேசையிலிருந்து கத்தரிக்கோல் வரை எல்லாமே மற்றவன் கைக்குச் செய்ததுதான் எனக்குக் கிடைத்தது. இதுதான் எனக்கென்று செய்த முதல் சாமான்.

இங்கே எங்களுக்கு வெள்ளிக்கிழமைச் சபை ஒன்று இருக்கிறது. மூன்று பேஸ் பைத்தியங்கள். ஹோட்டலில் வாசிக்கும் பிலிப்பைன்காரர் ஒருவர், கம்பி பழசாகப் பழசாகத்தான் ருசி என்பார். மாற்றி எத்தனை வருடம் என்று கேட்டால் கோபம் வரும். மலையாளி இன்ஜினியர் ஒருவர், ஐந்து கம்பி இல்லாவிட்டால் அது பேஸே இல்லை என்பார். வீட்டில் ஏழு வைத்திருக்கிறார், ஒன்றைக்கூட மேடைக்குக் கொண்டுபோனதில்லை. எனக்குத் தோளில் பாரம் தெரிய வேண்டும், நிறம் கறுப்பாக இருக்க வேண்டும். இதை வைத்து மாலை முழுக்க வாதாடி அடிபடுவோம். நான் பெட்டியைத் திறந்தபோது இரண்டு பேரும் வாதத்தை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

மாசியில் கான்ட்ராக்ட் முடிகிறது. முத்துமாரியம்மன் தேருக்கு மறுநாள் நிகழ்ச்சியில், மாத்தளை மேடையில் நான் இந்த பேஸோடு நிற்பேன். குரூப்பை நடத்துகிற நல்லையா மாஸ்டரிடம் சொல்லிவை. "நான் வர்ற வரைக்கும் குரூப்ல என் இடத்தப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ நன்றாகவே பார்த்துக்கொண்டாய். இனி ஓய்வெடு. பழையதைச் சுவரில் மாட்டிவிடு.

அன்புடன்,
நிமலன்


உக்குவளை
01.12.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நானும் அத்தையும் சுகம். உங்கள் பழைய பேஸும் சுகம். ஆனால் சுவரில் தொங்க அது சம்மதிக்கவில்லை.

ஆசைப்பட்டதை வாங்கிவிட்டீர்கள், நிஜமாகவே சந்தோஷம். அத்தையிடம் விலையைச் சொல்லவில்லை. "ஏதோ மரச்சாமான் வாங்கியிருக்காராம்" என்றேன், "கட்டிலா?" என்று கேட்டாங்க. கட்டிலையும் அதற்கே கொடுத்துவிட்டீர்கள் என்பதை மறைத்துவிட்டேன். நான் அங்கே வந்தால் எனக்கும் தரையில்தான் பாயா?

அத்தான், நீங்கள் போன பிறகு மாஸ்டர் பிடித்து வந்த பையன் இரண்டு கல்யாண வீட்டோடு கொழும்புக்குப் போய்விட்டான். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் நின்றார். நீங்கள் முன்னறையில் பழகியதை எல்லாம் குசினியில் சமைத்துக்கொண்டே கேட்டவள் நான். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் என்ன விழ வேண்டும் என்று வாயால் சொல்ல எனக்குத் தெரியும். அதைக் கைக்குக் கொண்டுவரத்தான் நாள் எடுத்தது. நீங்கள் உங்களுக்காக மாற்றிக் கட்டிய கம்பிகளை மாற்றத் தெரியாமல், பேஸை அப்படியே வலதுகைப் பக்கம் பிடித்தேன். தடித்த கம்பி எல்லோருக்கும் மேலே இருக்குமாம், எனக்குக் கீழே. ஆரம்பத்தில் அதை எவரும் எனக்குச் சொல்லவில்லை. யாரோ பார்த்துச் சொன்னபோது எனக்கு ஒரு நிகழ்ச்சிக்குப் போதுமான பாட்டு கைக்கு வந்திருந்தது, மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

மாத்தளை ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்குமுன்பே ஜன்னல் வழியாக, முகம் துடைக்கிற லேஞ்சியைப் போட்டு சீட் பிடிப்போமே, நான் அந்த லேஞ்சி இல்லை அத்தான். அந்த சீட்டில் உட்கார்ந்து மழையிலும் மேட்டிலும் நான்கு வருடம் பயணம் போனவள். இறங்கு என்றால் எங்கே இறங்குவது?

முன்பு நான் நிமலன் பொஞ்சாதி. பகலில் ஸ்பைஸ் கார்டன் கடையில் வெள்ளைக்காரர்களுக்கு ஏலக்காய் எண்ணெய் விற்கிறவள். இப்போது இரத்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், "பேஸ் அக்கா வந்துட்டாங்க" என்று தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கத்துதுகள். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருக்கிறது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், ரொம்பப் பிடித்திருக்கிறது.

விலை கூடிய பேஸ் என்றால் மைதானத்துக் கடைசியில் நின்று ஆடுகிறவனுக்கு விளங்கவா போகிறது? நெஞ்சில் 'தும்' என்று விழுந்தால் அவனுக்குப் போதும். அது பழையதிலும் விழுகிறது. ஆகவே மாஸ்டரிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
ரஜனி


தோஹா
22.12.2024

ரஜனிக்கு,

'அன்புள்ள' என்று போடாதது கோபத்தில்தான். தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத மனம் வரவில்லை, இருக்கட்டும்.

உனக்கு அங்கே ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. எனக்கு இங்கே இருந்ததும் போயிற்று. கன்டெய்னர் இறக்கும்போது "ஏய் ஸ்ரீலங்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த வெயிலில், அந்தத் தூசியில் நான் எங்கே இருந்தேன் என்று நினைக்கிறாய்? மாத்தளை மேடையில் இருந்தேன். ஸுஹைலின் டிரம்ஸுக்கு இடது பக்கம், இரண்டாவது ஸ்பீக்கருக்கு முன்னால். என் கால் வைக்கிற இடம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டுதான் பெட்டி தூக்கினேன். இப்போது நீ அந்த இடத்தில் நின்றுகொண்டு, விலை கூடிய பேஸ் யாருக்கு விளங்கும் என்று கேட்கிறாய்.

விளங்கும். காது உள்ள எல்லோருக்கும் விளங்கும். உன் வாசிப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் தடித்த கம்பியைக் கீழே வைத்து வாசிப்பதை விஷயம் தெரிந்தவன் பார்த்தால் சிரிப்பான். தோட்டத்துப் பிள்ளைகள் கைதட்டுவதை வைத்து முடிவு செய்யாதே.

உங்கள் கடைக்குப் பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கும் அன்ஸாப் நானா மக்காவில் உம்ராவை முடித்துக்கொண்டு தோஹா வழியாகத்தான் ஊருக்குப் போகிறார். அவர் கையில் பேஸைக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு முன்னால் அது வரட்டும். பெட்டியை நேராக மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுபோ. அவர் ஒரு தரம் அந்தச் சத்தத்தைக் கேட்டால் போதும், இடம் யாருக்கு என்று அவரே சொல்லட்டும். நீ திறந்து பார்த்தாலும் பரவாயில்லை. அது இடதுகை பேஸ், உன் கைக்கு ஆகாது.

நிமலன்


உக்குவளை
19.01.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நான் 'அன்புள்ள' போட்டிருக்கிறேன், பாருங்கள்.

அன்ஸாப் நானா பேஸைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். "உம்ராவுக்குப் போய் கிட்டாரோட வந்து எறங்குன மொத ஆள் நான்தான் தங்கச்சி" என்று சொல்லிச் சிரித்தார். நீங்கள் சொன்னபடி நேராக மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுபோனேன், வழியில் திறக்கவும் இல்லை. ஸுஹைலும் வந்திருந்தான். மாஸ்டர் கை கழுவிவிட்டு வந்து திறந்தார். பார்த்த உடனே மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். அவ்வளவு அழகு. என் புருஷன் வாங்கியது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நீங்கள் பெட்டி தூக்கிய ஒவ்வொரு நாளும் அந்தக் கறுப்பில் மினுங்கியது.

ஆனால் வாசிக்க ஆள் இல்லை. மாஸ்டருக்குக் கீபோர்டு, ஸுஹைலுக்கு டிரம்ஸ், எனக்கு ஆகாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஸுஹைல்தான், "ரஜனி அக்கா, சும்மா திருப்பிப் பிடிச்சுப் பாருங்களேன்" என்றான்.

திருப்பினேன் அத்தான். தடித்த கம்பி கீழே வந்தது, மெல்லிய கம்பி மேலே வந்தது. பழையதில் எது எங்கே இருக்குமோ அது அங்கேயே இருந்தது. யோசித்துப் பாருங்கள். நீங்கள் உங்கள் இடது கைக்காகக் கம்பி மாற்றிக் கட்டியதில்தான் நான் பழகினேன். அப்படியானால் கடையில் தொங்குகிற மற்ற எல்லா பேஸும் எனக்குத் தலைகீழ், இடதுகைக்காரனுக்குச் செய்தது மட்டும்தான் எனக்கு நேர். உங்களுக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கியது எனக்கு அப்படியே பொருந்திவிட்டது. குமிழ்கள் மேல்பக்கம் வந்து முழங்கையில் இடிக்கின்றன, அதுதான் ஒரே கரைச்சல்.

பழையதை விட இது ஒன்றும் பெரிதில்லை என்று எழுதிவிடலாமா என்று நினைத்தேன். எழுத முடியவில்லை. முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. பழையதில் சத்தத்தைக் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டும். இது தானாகத் தருகிறது, தந்துவிட்டு உடனே ஓடாமல் நிற்கிறது. விலைக்கு வேலை இருக்கிறது. அந்த வாதத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பேஸு மாறியிருக்கு. கை மாறல. கண்ண மூடிக்கிட்டாலும் இது ரஜனின்னு தெரியுது. நிமலன் வரட்டும், வேணும்னா ரிதம் கிட்டார் வாசிக்கட்டும்."

இன்னொன்று. பொங்கலுக்கு இரத்தோட்டையில் நடந்த நிகழ்ச்சியில் உங்களிடம் கேட்காமலே அதை வாசித்தேன். திட்டுங்கள். ஸுஹைல் பதிவு செய்து உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறான். கோபம் தணிந்த பிறகு கேளுங்கள், கோபத்தோடு கேட்டால் நான் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் உங்களுக்குக் கேட்காது.

பேஸ் உங்களுடையது. துடைத்துப் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன், இனித் தொட மாட்டேன். இடம் என்னுடையது. தேர் நிகழ்ச்சிக்குப் பழையதோடு ஏறுவேன். இதற்காக நீங்கள் வராமல் கான்ட்ராக்ட்டை நீட்டிக்கொண்டால் நான் அழுவேன். அழுதுகொண்டே மேடைக்கும் போவேன்.

உங்கள்,
ரஜனி


தோஹா
09.02.2025

அன்புள்ள ரஜனிக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே பதிவு வந்துவிட்டது. நான் திறக்கவில்லை. எனக்கு முன்னால் என் பேஸை நீ மேடையேற்றிவிட்டாய் என்ற கோபம். பிறகு கடிதம் வந்தது. மாஸ்டர் சொன்னதை வாசித்துவிட்டு, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லியும்விட்டேன். நீ பயந்தது சரிதான்.

போன வெள்ளிக்கிழமை அந்த இன்ஜினியர் வீட்டுக்குப் போனேன். புது பேஸ் எங்கே என்று கேட்டார்கள். ஊரில் ஒருவர் வாசிக்கிறார் என்றேன், யாரென்று சொல்லவில்லை. போனை அவருடைய பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். நான் ஏன் போட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அவர்கள் சிரிப்பார்கள் என்று போட்டேன். அவர்கள் சிரித்தால் எனக்குச் சுகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பிலிப்பைன்காரர், "இது ரெண்டு பேர் வாசிக்கிறாங்க" என்று அடித்துச் சொன்னார். மெல்லிய கம்பிகள் பெருவிரலில் பூப்போல வருகின்றன, தடித்த கம்பி கதவை உதைக்கிற மாதிரி வருகிறது, ஒரே ஆளால் முடியாது என்றார். இன்ஜினியர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கடைசியில், "இவருக்குத் தடித்த கம்பி கீழே இருக்கிறது. கீழிருந்து மேலே இழுக்கிறார். இப்படி ஒரு சத்தத்துக்கு என்னிடம் உள்ள ஏழு பேஸையும் கொடுப்பேன். யார் இந்த மனுஷன்?" என்றார்.

"மனுஷன் இல்ல, என் மனைவி" என்றேன்.

ரஜனி, சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்டது. இந்த நாட்டுக்கு வந்து நான் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. அதன் பிறகு நானும் கேட்டேன், அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். இரண்டாவது பாட்டில் பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் நான் எப்போதும் அவசரப்பட்டு நிரப்பிவிடுவேன். நீ விட்டுக்கொடுத்துக் காத்திருக்கிறாய், பிறகு ஒன்றே ஒன்று இறக்குகிறாய். ஸுஹைல் உன்னைப் பார்த்துத்தான் அடிக்கிறான் என்பது இங்கிருந்தே கேட்கிறது. அவன் என்னைப் பார்த்து அடித்ததே கிடையாது. எனக்கு வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வலியை விடப் பெருமை கூடுதலாக இருந்தது.

மறுநாளே சூப்பர்வைசரிடம் போய், இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 27ஆம் திகதி டிக்கெட். அலுமாரியிலிருந்து பெட்டியை இறக்கு. இப்போதே எடுத்துப் பழகு, தேர் மேடையில் அதோடுதான் நீ ஏற வேண்டும். குமிழ்களை முழங்கைக்கு இடிக்காமல் மாற்றித் தருவது என் வேலை. ரிதம் வாசிக்க எனக்கு இஷ்டமில்லை என்று மாஸ்டரிடம் சொல். அன்றைக்கு நான் கூட்டத்தில் நிற்கப் போகிறேன். அம்மாவையும் கூட்டி வருவேன், விலையை அன்றைக்கே சொல்லிவிடலாம், சத்தத்தில் அவளுக்குக் கேட்காது.

மாஸ்டருக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். குழுவின் பேஸ் ரஜனி. அவளுக்குக் காய்ச்சல் வருகிற அன்றைக்கு மட்டும் நிமலன் என்று ஒருவன் இருக்கிறான், கூப்பிடலாம் என்று. நீ உடம்பைப் பார்த்துக்கொள். உனக்குக் காய்ச்சல் வந்தால் நான் உன் பக்கத்தில் இருப்பேனா, மேடைக்கு ஓடுவேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

அன்புடன்,
நிமலன்