இரண்டு விரல் தளர்வு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் மானம் ஒன்றைத் தவிர. அது போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் போய்விட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி தேவலையா? மருமகள் இந்தக் கதையைப் போனில் சொல்ல ஆரம்பித்திருப்பாள், ஆனால் சிரிப்பில் பாதியை விழுங்கியிருப்பாள், அதனால் முழுதாக நானே எழுதிவிடுகிறேன்.

உன் பயலுக்கு, பிறந்த மூன்றாம் நாள் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று சொன்னபோது நீ பக்கத்தில் இருந்தாய். கசிந்தது தானாகக் கரையும், ஆனால் உள்ளே நீர் ஓடும் வழி அடைத்துக்கொண்டால் தலை மளமளவென்று பெருத்துவிடும், வாரம் ஒருமுறை தலையைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள், சட்டென்று கூடினால் ஓடி வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். செவ்வாய்தோறும் மருமகள்தான் அளப்பாள். இந்த வாரம் அவள் மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருந்தாள். நான் கீழே கடையில் பேங்க் மேனேஜருக்குக் கோட் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன், மனுஷன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார், மேலேயிருந்து மருமகள், “மாமா, ஒரு நிமிஷம் வந்து இவன் தலையை அளந்துட்டுப் போங்க” என்றாள். முப்பத்தேழு வருஷமாக ஊரையே அளந்தவன், இந்த எலுமிச்சம்பழத் தலை எம்மாத்திரம் என்று போனேன். அளந்தால் நாற்பத்திரண்டரை. போன வாரம் நாற்பத்தொன்று. ஒரே வாரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர். மருமகள் முகம் செத்துவிட்டது. உன் அம்மா அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மேனேஜர் இன்னும் அதே போஸில் நின்று, “கையை இறக்கலாமாங்க?” என்று கேட்டார். “இறக்குங்க, இறக்கி வண்டியை எடுங்க” என்றேன். பாவம், எடுத்தார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் நான் கழுத்தில் டேப்போடு ஓடியதைப் பார்த்து ஒரு பெரியவர் என்னை மறித்து, “டாக்டர், ஒரு வாரமா இப்படித்தான் இருக்கு” என்று நாக்கை நீட்டிக் காட்டினார். இருந்த அவசரத்தில் நானும் பார்த்துவிட்டு, வெந்நீர் குடிங்க என்று சொல்லிவிட்டேன். உள்ளே டாக்டரம்மா ஒன்றுக்கு மூன்று தரம் அளந்தார். நாற்பத்தொன்றும் ஒரு நூலும், அவ்வளவுதான். “நீங்க எப்படி அளந்தீங்க, காட்டுங்க” என்றார். காட்டினேன். டேப்பைச் சுற்றி, வழக்கம்போல இரண்டு விரலை உள்ளே விட்டுப் பிடித்தேன். “விரல் எதுக்குங்க உள்ளே?” “தளர்வுக்கு டாக்டர், பிடிச்சுக்கக் கூடாதுல்ல, வளர்ற பிள்ளை.” அந்த அம்மா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். உன் அம்மா விடுவாளா? “இவர் பிள்ளைக்குத் தைச்ச பள்ளிக்கூடச் சட்டை அவன் காலேஜ் முடிக்கிறவரைக்கும் தொளதொளன்னு இருந்துச்சு, நம்பிக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க” என்று அங்கேயே என் துணியை உருவிவிட்டாள்.

சிரித்து முடித்தபிறகு டாக்டரம்மா ஒன்று சொன்னார், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பயல் எதற்கும் வலது கையைத்தான் நீட்டுகிறான், இடது கையை மூடியே வைத்திருக்கிறான், ஒரு வயதுக்கு முன்னால் குழந்தை இப்படி ஒரு கையை மட்டும் பழகக் கூடாதாம். அந்தக் கசிவு விட்டுப்போன வேலையாக இருக்கலாம், பயிற்சியில் சரியாகிவிடலாம், கை கொஞ்சம் மந்தமாகவே நின்றும் போகலாம், இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது என்றார். பயிற்சி கொடுக்கும் பெண் வந்து, உள்ளங்கையைத் தடவித் திறக்கவும் எதையும் இடப்பக்கமிருந்தே காட்டவும் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து நான் அவனுக்கு இடப்பக்கத்து ஆள், தலையில் கலர் நாடா கட்டிக்கொண்டு குரங்குச் சேட்டை எல்லாம் செய்கிறேன். வெள்ளிக்கிழமை இடது கையைத் திறந்து என் மூக்குக்கண்ணாடி மேல் ஒரு அறை விட்டான். கண்ணாடி இரண்டு துண்டு. உன் அம்மா கைதட்டினாள். இந்தக் கடிதத்தில் வரி கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நீ அங்கே மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, இங்கே மூன்று பேர் இருக்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே, போனில் முகம் காட்டும்போது போனை அவனுக்கு இடப்பக்கமாகப் பிடிக்கச் சொல், அப்பாவைப் பிடிக்கவாவது அந்தக் கை நீளட்டும். நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, நல்லபடியாக வீடு வந்து சேர்.

ஆசிகளுடன்,
உன் அப்பா,
ஊரையே தொளதொளவென்று நடக்கவிட்ட தையல்காரன்.

பி.கு.: இதை உன் அம்மாவிடமோ மருமகளிடமோ நான் வாய்திறந்து சொல்லவில்லை. அவன் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு ஒரு சட்டை தைத்து வெட்டுமேஜைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெளியே பார்த்தால் ஐந்து பட்டன், வகுப்பில் ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ, ஒரே கையால் மாட்டிக்கொள்ளலாம். பட்டன் நுழைகிற காஜாவுக்கு இடம் மட்டும் குறித்து வைத்திருக்கிறேன், வெட்டவில்லை. இரண்டு கையாலும் பட்டன் போட அவனுக்கு வந்துவிட்டால், வெல்க்ரோவைப் பிரித்துவிட்டு அன்றைக்கே காஜா எடுத்துவிடுவேன்.