நீ பொட்டு வைத்த போல்ட்

என் ஆசை நைனாவுக்கு,

முதலில் நல்ல சேதி. உன் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. நாலு பேர் தள்ளி, இறக்கத்தில் உருட்டி, உதறி எழுப்பியதல்ல. சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது. இதைப் படிக்கிற ஊர்க்காரர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அன்று முதல் அது மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. சித்தூரிலிருந்து அண்ணன் வரும்போதெல்லாம் அதைச் சுற்றிவந்து ஒரே பாட்டுதான். "நைனாவ நல்லா ஏமாத்திட்டானுங்கம்மே. ஓடாத வண்டிய தலையில கட்டிட்டானுங்க. எடைக்குப் போட்டுடலாம்."

நீயும் கடைசியில் அப்படித்தானே நம்பினாய்? பலமனேர்க்காரரிடம் வாங்கி நீ அதை ஓட்டிவந்த அன்று தெருவே கூடி நின்றது. நம் தெருவுக்கு வந்த முதல் கார். அப்புறம் அதே தெரு அதைத் தள்ளித் தள்ளி ஓய்ந்தது. "ஏமாந்துட்டேன் பாப்பா" என்று ஒரு சாயங்காலம் என்னிடம் சொன்னாயே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

இன்னொரு சேதி. தடா பக்கத்தில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு கேட்டில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு நம் ஊருக்கு பஸ் ஏது? அங்கேயே ஹாஸ்டலில் தங்கினால் அம்மா தனியாகக் கிடக்க வேண்டும். கார் ஓடினால்தான் வேலை. அண்ணனோ பழைய இரும்புக்காரரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டான். "அதுக்குள்ள ஓட்டிக் காட்டு, வண்டி உன்னுது" என்றான். குரலில் அவ்வளவு நக்கல். கையில் இருந்தது ஐந்து நாள்.

புத்தூர் மெக்கானிக் பாஷா பாயைக் கூப்பிட்டேன். பாட்டரியைச் சார்ஜ் ஏற்றிப் பார்த்தார். "பாட்டரி நல்லாத்தான் கீதும்மா. செல்ஃப் மோட்டாரு நைனா இருக்கச்சொல்லவே புதுசு போட்டுட்டேன். இன்னும் இன்னாத்த மாத்துறது?" என்று கை விரித்துவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் விடமாட்டேன், உனக்குத் தெரியும். தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஹாரன் அடித்தால் லைட் மங்குகிறது. இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் ஆடுகிறது. செல்ஃப் அடித்தால் டக்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. ரேடியேட்டர் ஃபேன் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிறது. ரேணிகுண்டா தாண்டுவதற்குள் வண்டியில் ஆவி கிளம்பியது அதனால்தான். நீ ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சாமானாக மாற்றிக்கொண்டே போனாய். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் வயிற்றுவலி வந்தால் நாம் குடித்த தண்ணீரைத்தானே சந்தேகப்படுவோம்?

போனில் ஒரு தெலுங்கு வீடியோ பார்த்தேன். எதிர்வீட்டு டிராக்டரிலிருந்து தடி ஒயர் ஒன்றை வாங்கிவந்து, பாட்டரியின் மைனஸிலிருந்து நேராக எஞ்சின் இரும்புக்குக் கொடுத்தேன். சாவியைத் திருப்பினால், ஒரே உறுமல். அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்து, "யாருடி வந்தது?" என்றாள்.

அப்படியென்றால் குற்றம், கரண்ட் பாட்டரிக்குத் திரும்பி வருகிற எர்த் ஒயரில். பாட்டரி முனையில் இருந்த கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பாட்டரிக்குக் கீழே, பாடியில் முறுக்கியிருந்த போல்ட்டில் போய் முடிந்தது. அங்கே பார்த்தால் மஞ்சள், அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடி மஞ்சள், கரண்ட் போக வழியில்லாமல் கல்லாகக் காய்ந்து கிடக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை ஒயரைக் கழற்றி, இரும்பில் பூசிவிட்டு மேலே முறுக்குவாயே நைனா. தேங்காய்த் தண்ணியையும் அங்கேதான் ஊற்றுவாய். "உயிர் நிக்கிற எடம் இதான்" என்பாய். இடம் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய், போ.

சுரண்டப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "அது உங்க நைனா வச்ச பொட்டுடி." எனக்கும் கை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே என் கையிலிருந்த உப்புக் காகிதத்தைப் பிடுங்கினாள். "என் நெத்தியில இருந்ததையே எடுத்துட்டாங்க. இது இன்னா பெருசு? தள்ளு" என்று குனிந்து தேய்க்க ஆரம்பித்தாள். பச்சைப் பச்சையாகக் களிம்பு உதிர்ந்தது. இரும்பு பளிச்சென்று வரும்வரை அவள் விடவில்லை. ஒயரை மறுபடி முறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன், அதே உறுமல்.

பாஷா பாய்க்கு போன் போட்டுச் சொன்னேன். "பாத்தேம்மா நானு. சாமி சமாச்சாரம், நம்ம கை எதுக்குன்னு வுட்டுட்டேன்" என்றார். நீ வண்டியைக் காட்டிய சித்தூர் எலக்ட்ரீஷியனும் ரேணிகுண்டா மெக்கானிக்கும்கூட அப்படித்தான் விட்டிருப்பார்கள். போல்ட்டைக் கும்பிட்டுவிட்டு மற்றதையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள். நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். சனிக்கிழமை பாய் தானே வந்து, எஞ்சினைத் தாங்குகிற கிழிந்துபோன ரப்பரையும் மாற்றிக் கொடுத்தார். ஓடும்போது வந்த கடகட சத்தமும் ஒழிந்தது.

ஞாயிறு காலை அண்ணனும் வந்தான், இரும்புக்காரரும் வந்தார். "பண்டி எக்கடம்மா?" என்று, வண்டி எங்கே என்று, கேட்டார். "லேதண்ணா, அம்மட்லேது" என்று, விற்பதாக இல்லை என்று, நானே அனுப்பிவிட்டேன். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவனைப் பக்கத்து சீட்டில் ஏற்றித் திருப்பதிக்கு வண்டியை விட்டேன். வழியில் வேண்டுமென்றே எஞ்சினை நிறுத்தினேன். சூடாக இருக்கும்போதே சாவியைத் திருப்பினேன். மூன்று இடத்தில் நிறுத்தினேன், மூன்று இடத்திலும் பிடித்தது. அலிபிரி வரை போய்த் திரும்பினோம். சூடு காட்டுகிற முள் பாதிக்கு மேல் ஏறவில்லை.

புத்தூரில் டீ குடிக்க இறங்கினபோது கதவில் கை வைத்துக்கொண்டு சொன்னான்: "நைனா ஏமாறலம்மே. நல்ல வண்டியத்தான் பாத்து வாங்கிக்கீறாரு."

கேட்டாயா நைனா? நீ ஏமாறவில்லை. திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கே கம்பெனி கேட்டில் நின்றேன், உன் வண்டியில்.

ஒன்றுதான் பாக்கி. அந்தப் பலமனேர்க்காரரை நாம் திட்டாத திட்டா? நீ போனில் அவரைப் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கதவைத் திறப்பாரோ, நம் வண்டியைப் பார்த்ததும் சாத்திக்கொள்வாரோ? எதுவானாலும் வருகிற விடுமுறையில் அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு பலமனேருக்கு மேடேறிப் போவேன். வாசலில் நிறுத்தி, "நீங்க குடுத்தது நல்ல வண்டிங்க, தப்பு எங்க மேலதான்" என்று சொல்வேன். உனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன். இது சத்தியம்.

உன் பிடிவாதத்தை அப்படியே வாங்கிக்கொண்டு பிறந்த
உன் சின்ன மகள்,
செல்வி