கிறைண்டர் நின்ற பிறகு

கொக்குவில்
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சிவரூபனுக்கு அம்மா எழுதுவது. உனக்கும் மருமகள் உதயகலாவுக்கும் பிள்ளைகளுக்கும் முருகன் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பிரஷர் மட்டாக இருக்கிறது, வலது தோள்மூட்டுத்தான் இன்னும் மேலே தூக்க ஏலாது, அதனால் எழுத்து கோணலாகப் போகும், பொறுத்துக்கொள். போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்க நீ பத்துச் சொல்லி மறிக்கிறாய், போன கிழமை மூன்று தரம் மறித்தாய், நாலாம் தரம் நானே வைத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் எழுத்து உனக்குப் புதிதில்லை, நீ கொழும்பில் படித்த காலம் முழுக்க என் கடிதம்தானே வந்தது. கடிதத்தை நீ மறிக்கேலாது, கிழிக்கலாம், கிழிக்கிறதென்றால் முழுக்க வாசித்துவிட்டுக் கிழி.

பசு கன்று போட்டு இரண்டு மாதம், நாம்பன், ஆண் கன்று. பால் குறைவில்லை. துஷாந்தினி பாலைக் காய்ச்சி ஆறவிட்டு ஆடையை வழித்து வழித்து ஒரு டப்பாவில் போட்டுப் பிறிட்ஜில் சேர்ப்பாள், பத்து நாளில் டப்பா நிரம்பும். நான் மத்துப் பிடித்துக் கடைந்து கடைந்து கை போனவள், உன் தம்பி பெண்சாதியாக அவள் வந்துதான் கிறைண்டரில் அடிக்கலாம் என்று காட்டினாள், முதலில் முகத்தை நெளித்தேன், அவள் எடுத்த வெண்ணெயைக் கண்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன். ஆடையைக் குளிரக் குளிரப் போட்டு ஒரு கிளாஸ் ஐஸ்தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு அடிக்க வேண்டும், தொடர்ந்து ஓடவிட்டால் சூட்டில் உருகிப்போகும். முதலில் நுரைத்து இறுகும், அப்போது மோட்டர் மூச்சு முட்டின மாதிரி முனகும். பிறகு திடீரென்று வெண்ணெய் வேறு மோர் வேறாகப் பிரிந்து சத்தம் இலேசாகிச் சளசளக்கும். உடனே நிற்பாட்டி, ஜக்கைக் கழற்றி, கையை உள்ளே விட்டு வெண்ணெயைத் திரட்டி எடுக்க வேண்டும். நான் மாட்டடியில் நின்றாலும் சத்தத்தை வைத்தே வெண்ணெய் வந்துவிட்டதென்று சொல்லுவேன், அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. லண்டனில் இருக்கிற உனக்கு இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அன்று நீயும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

இரண்டு கிழமைக்கு முதல், ஞாயிற்றுக்கிழமை காலை. உன் தம்பி டிலக்ஷன் விறாந்தையில் நின்று, தான் லண்டனுக்கு வருகிற அலுவலை உன்னோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் துஷாந்தினி வெண்ணெய் அடித்தாள், பேத்தி கீர்த்திகா வெண்ணெயைச் சீனியில் தொட்டுத் தின்னச் சீனிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றாள். நான் பின்னால் மாட்டுக்கு வைக்கோல் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் இரண்டு தரம், "உந்தக் கிறைண்டரை நிப்பாட்டடி, ஒரு அறுப்பும் கேக்குதில்லை" என்று கத்தினான். கிறைண்டர் இரைச்சலில் அவளுக்குக் கேட்டிராது. சத்தம் இலேசாகியது, பிறகு நின்றது. அவள் சிரித்துக்கொண்டு, "நிப்பாட்டிட்டன், இனி ஆறுதலாக் கதையுங்கோ, வெண்ணெய் வந்திட்டுது" என்று சொன்னது மாட்டடி வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் அவன் பிடித்துக்கொண்டான். "ஆரைப் பாத்துச் சிரிக்கிறாய், உவன் எங்கை போகப் போறான் எண்டோ சிரிக்கிறாய்" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனான். அதற்குப் பிறகுதான் அவள் கத்தினாள். கழுத்தில் கத்தி வைத்த ஆடு கத்துகிற மாதிரிக் கத்தினாள்.

நான் ஓடி வந்து பார்க்க, ஜக்குக்குள் வெண்ணெய் திரட்டிக்கொண்டிருந்த அவளுடைய கையை மணிக்கட்டில் பிடித்து, அடியில் இருக்கிற வெட்டுற பிளேடில் அமத்தித் திருகிக்கொண்டு நின்றான். மற்றக் கையால் தலைமயிரைப் பிடித்து நெற்றியை அடுப்படிச் சீமெந்துத் திட்டில் இடித்தான், எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது. வெண்ணெய் முழுக்க இரத்தம், மோர் சிவந்து திட்டால் வழிந்தது. பிள்ளை சீனிக் கோப்பையை விடாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து அவனுடைய முதுகிலும் தலையிலும் அடித்தேன், தடி முறிந்தது, முறிந்த துண்டால் விலாவில் குத்தினேன். பெற்ற பிள்ளையைச் சாகட்டும் என்றுதான் குத்தினேன், அதை உனக்கு மறைக்கவில்லை. அவன் திரும்பி என்னை எத்தி எறிந்தான், நான் பிறிட்ஜோடு அடிபட்டு விழுந்தேன், தோள்மூட்டு விலகினது அப்போதுதான். அவ்வளவு நேரமும் அவனுடைய சட்டைப்பைக்குள் போன் இருந்தது தம்பி. "டேய், என்னடா சத்தம், டேய் டிலக்ஷன்" என்று நீ கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் நிலத்தில் கிடந்து உன்னுடைய குரலைக் கேட்டேன்.

கிறைண்டர் வெட்டிப்போட்டுது என்று சொல்லச் சொன்னவன் அவன், தலையாட்டினவள் நான். ஏன் ஆட்டினேன் என்று உனக்குத் தெரியும். உங்கள் அப்பா அடித்து என் முன்பல் இரண்டும் போனபோது கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று ஊர் முழுக்கச் சொன்னவள் நான். நீ பத்து வயதுப் பிள்ளை, வாசலில் நின்று பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு நீயும் கிணற்றடி என்றுதான் சொன்னாய். பழகின வாய். ஓட்டோவில் துஷாந்தினியின் கையைத் துவாயில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டு, கீர்த்திகாவைப் பக்கத்தில் இருத்தி, "ஆர் கேட்டாலும் கிறைண்டர் வெட்டினது எண்டு சொல்லு பிள்ளை" என்று சொல்லிக்கொடுத்தேன். துஷாந்தினி கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டொக்டர் பிள்ளை காயத்தைப் பார்த்தது, பிறகு மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "அம்மா, ஓடுற கிறைண்டருக்குள்ளை கை போனால் விரல் மிஞ்சாது. மணிக்கட்டிலை கிடக்கிற இந்த அஞ்சு விரல் அடையாளத்தையும் கிறைண்டரோ வச்சது" என்று கேட்டது. நான் வாய் திறக்க முதல் கீர்த்திகா முன்னுக்கு வந்தாள். "நான்தான் சுவிச்சைப் போட்டனான். அம்மா கை வச்சிருந்தது எனக்குத் தெரியாது" என்றாள். அழவில்லை. சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, கிறைண்டர் என்றால் யாரோ போட்டிருக்க வேண்டுமே என்று ஏழு வயதுப் பிள்ளை தானே யோசித்துத் தன்னைச் சேர்த்திருக்கிறாள். என் பேத்தியைப் போல மூளைக்காரி இந்த வட்டாரத்தில் இல்லை என்று போகிற இடமெல்லாம் சொல்லுகிறவள் நான். அந்த மூளை அன்று எனக்கு நெஞ்சிடியாக இருந்தது. அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன், "பிள்ளை சொல்லுறது பொய், நான் பழக்கின பொய், இதைச் செய்தவன் என்ரை மகன்" என்று. பொலிசில் ஒரு பெண்பிள்ளை வந்து வாக்குமூலம் எழுதினா. எழுத்துக்கூட்டி முழுக்க நானே வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தேன், அரைமணித்தியாலம் எடுத்தது, அவ பொறுமையாக இருந்தா. அன்று பின்னேரமே டிலக்ஷனைப் பிடித்து மறியலில் அடைத்தார்கள்.

துஷாந்தினிக்கு நெற்றியில் ஒன்பது தையல். இரண்டு விரல் இனி மடங்காது. வட்டுக்கோட்டைக்குத் தாயிடம் போகிறேன் என்று உடுப்பு அடுக்கினாள், போக வேண்டியவன் அவனே தவிர நீ இல்லை என்று பெட்டியைப் பறித்து உள்ளே வைத்தேன். காணி என் பெயரில், வெளியே வந்தாலும் அவன் இந்தப் படலையைத் தாண்டமாட்டான். கீர்த்திகாதான் ஒரு சுவிச்சையும் தொடுகிறாள் இல்லை, லைட் போடவும் பெரியவர்களைக் கூப்பிடுகிறாள். நேற்றுத் தாயிடம், "நான்தானே அம்மா போட்டனான்" என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்று தாய் சொல்ல, "அப்ப ஏன் அப்பம்மா கிறைண்டர் எண்டு சொல்லச் சொன்னவ" என்றாளாம்.

நீ இப்போது, "பிழையா விளங்கிச் சொல்லிப்போட்டன் எண்டு கோட்டிலை சொல்லுங்கோ அம்மா, சின்னப்பிள்ளை சுவிச்சைப் போட்டதெண்டால் ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம், பொலிஸ் றிப்போட் கெட்டால் அவன்ரை லண்டன் அலுவல் பாழ்" என்கிறாய். அவன் உன்னிடம் வந்து சேர வேண்டுமென்று விரதம் பிடித்தவள் நானும்தான். அதற்காக அந்தக் குஞ்சின் தலையில் இதை ஏற்றி அவனைப் பிளேனில் ஏற்றமாட்டேன். இரைச்சலில் உனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றும் சொல்கிறாய். கிறைண்டர் நின்றுவிட்டது தம்பி. நின்ற பிறகுதான் அவள் சிரித்தாள், சிரித்த பிறகுதான் கத்தினாள், அவ்வளவும் உன் காதுக்குள் வந்தது.

வருகிற மாதம் பதினாலாம் திகதி வழக்கு. நான் கூண்டில் ஏறிக் கண்டதைச் சொல்லுவேன், என் மனதை மாற்ற ஒருவரையும் அனுப்பாதே. உதயகலாவுக்குத் தனியாக ஒரு தாள் மடித்து ஒட்டி இதற்குள் வைத்திருக்கிறேன், உடைக்காமல் கொடு, உன்னுடைய கையும் ஓங்குகிற கையோ என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சினேன் என்று சொல். நீங்கள் எல்லாரும் நோய்நொடியில்லாமல் நீண்டகாலம் இருக்க வேண்டும், அடிபிடி இல்லாத வீட்டில் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறவாதே. கீர்த்திகாவுக்கு நீ உன் கையால் ஒரு கடிதம் எழுது. பெரியப்பா போனில் கேட்டுக்கொண்டிருந்தவர், கிறைண்டர் நின்றுதான் இருந்தது, நீ சுவிச்சைப் போடவில்லை என்று எழுது. அவளுடைய தகப்பன் சொல்லமாட்டான். தாய் தன்னைத் தேற்றச் சொல்கிறா என்று நினைக்கிறாள். நான் சொன்னால் நம்பமாட்டாள், பொய் சொல்லப் பழக்கினவள் நான். மிச்சம் நீ ஒருத்தன்தான். அவள் எழுத்துக்கூட்டி வாசிப்பாள், பெரிய எழுத்தாக எழுது.

உங்கள் இரண்டு பேரையும் பெற்ற அம்மா
இ. நாகேஸ்வரி