ஆமைக் கதையும் வெந்தயத் தண்ணியும்

இன்று காலை ஆசிரியர் அறையில், சீனி வருத்தம், நீரிழிவு உள்ள ரீச்சர் ஒருத்தி தன் போத்தலைத் திறந்தாள். ஊறின வெந்தய நாற்றம். எழும்பி வெளியே போய்விட்டேன். நீ செத்துப் போய் ஒன்பது வருடமாகியும் அந்த நாற்றத்தில் உன் புருசனின் முகம்தான் வருகிறது.

கோப்பாயில், உன் மூன்றாவது பிள்ளையின் முப்பத்தோராம் நாள். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து எல்லோரும் சாப்பிட்டுவிட்டு இருந்தோம். உன் மாமி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மூண்டும் பெட்டையள். உவளின்ரை உடம்பிலைதான் ஏதோ பிழை." நீ குனிந்தபடி பிள்ளைக்குச் சட்டை மாட்டினாய். என்னோடு படிப்பித்த விலங்கியல் ரீச்சர் நீ. வகுப்பில் எவ்வளவு நறுக்காகச் சொல்வாய்: "கோழியிலை குஞ்சு சேவலோ பேடோ எண்டதைப் பேடுதான் தீர்மானிக்கும். மனுசரிலை ஆம்பிளை. ஆம்பிளைப் பிள்ளைக்கு வேணுமான வை நிறமூர்த்தம், அந்த வை குரோமோசோம், அவனிட்டைத்தான் இருக்கு. தன்னட்டை இல்லாததைப் பொம்பிளை எங்கையிருந்து குடுக்கிறது?" அன்று அதில் ஒரு சொல்கூட உன் வாயில் வரவில்லை. என் வாயிலும்தான்.

நான் கதையை மாற்றப் பார்த்தேன். கடலாமையில் அதைத் தீர்மானிப்பது தாயுமில்லை, தந்தையுமில்லை, முட்டை புதைந்த மணலின் சூடுதான். சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் மனுசன் சிரிக்கவில்லை. "அப்ப குளிரெண்டால் ஆம்பிளைப் பிள்ளையோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். ஆமைக்கு மட்டும்தான் என்று சேர்த்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

நாலாவது பிள்ளை வயிற்றில் தங்கியதும் தொடங்கினார், படித்துப் பட்டம் வாங்கிய மனுசன். விடியவே உனக்குக் கிணற்றுத் தண்ணீரில் தலைமுழுக்கு. உடம்பு குளிர வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணி. கோப்பி, கருவாடு எல்லாம் சூடாம், கூடாதாம். மார்கழிப் பனியிலும் நிறுத்தவில்லை. உனக்கு மூச்சு இழுக்கும் தொய்வு இருப்பது அவருக்குத் தெரியும். நான் சண்டைக்கு வெளிக்கிட, நீதான் கையைப் பிடித்தாய்.

"விடடி. உந்தப் பாடம் எங்கடை வீட்டிலை எடுபடாது. குளிச்சால் வீடு சத்தமில்லாமல் இருக்கும்."

சளி நெஞ்சில் இறங்கி, ஏழாம் மாதம் உன்னையும் பிள்ளையையும் ஒன்றாகக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரி விறாந்தையில் டொக்டர் சொல்லி முடிக்க முதலே அந்த மனுசன் கேட்டது, "என்ன பிள்ளை?" பெண் என்றார் டொக்டர். சீ, அந்த வாய்க்கு நானும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறேனே என்று நினைக்க இன்றைக்கும் கை கூசுகிறது. ஆமைக் கதை சொன்ன என் வாயை நினைத்தாலும் கூசுகிறது.

உன் மூத்தவள் இப்போது என் உயர்தர வகுப்பில். இன்று அதே பாடம். கரும்பலகையைப் பார்த்தபடியே படிப்பித்து முடித்தேன். மணி அடித்த பிறகு மேசையடிக்கு வந்தாள்.

"ரீச்சர், அப்ப அப்பாவாலைதானே நாங்கள் எல்லாரும் பெட்டையள்?"

"ஓம்."

"அம்மாக்கு இது தெரியாதோ?"

"இதே வகுப்பிலை இந்தப் பாடம் படிப்பிச்சவ உன்ரை அம்மாதான்."

"பிறகேன் அந்தத் தண்ணியைக் குடிச்சவ?"

நடந்ததைச் சொன்னேன்: ஆமைக் கதையை உன் வீட்டுக்குக் கொண்டு வந்தவள் நான்தான் என்று. அவள் பாடப் புத்தகத்தை என் மேசையில் வைத்தாள். அழவில்லை.

"அப்பம்மா இப்பவும் அம்மாவிலைதான் பிழை எண்டு சொல்லுறா. தங்கச்சியவை அதை நம்புறாளவை. நாளைக்கு வீட்டை வந்து, எல்லாருக்கும் முன்னாலை இண்டையான் பாடத்தைச் சொல்லுங்கோ ரீச்சர்."

போகிறேன். தன்னட்டை இல்லாததைப் பொம்பிளை எங்கையிருந்து குடுக்கிறது என்ற உன் கேள்வியை ஒன்பது வருடமாகக் காவித் திரிகிறேன். நாளைக்கு அதை உன் மாமியிடம் கேட்கப் போகிறேன். இந்த முறை உன் மகள் பக்கத்தில் நிற்பாள்.