சூப் ஆறுவதற்குள்

நவம்பர் 3

மன்னிக்க வேண்டும், நாட்குறிப்பே. நாலு பேர் இருந்தால் வாய் திறக்காதவள் உன்னிடம் மட்டும் வளவளக்கிறேன்.

டுலூத் நகர அமெரிக்கக் கால்பந்து அணியில் என் வேலை, தடுப்பு ஆட்டக்காரர்களின் பெஞ்சில் சூடான கோழி சூப் கொடுப்பது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். நான்கு வருஷம் ஊட்டச்சத்துப் படிப்பு. சூப்!

அதையும் நேற்று யாரும் குடிக்கவில்லை. நம்மிடம் தாக்க ஒரு கூட்டம், தடுக்க ஒரு கூட்டம்; ஒன்று ஆடும்போதுதான் மற்றதுக்கு பெஞ்சில் ஓய்வு. தடுப்பவர்கள் மலை. தாக்குபவர்கள் – என்ன சொல்ல? பத்து கெஜம்கூட நகர முடியாமல் பந்தை எதிரணிக்கு உதைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உடனே தடுப்பவர்கள் மறுபடி உள்ளே. சமோவாக்காரர் ஃபலேயோலோ வாயருகே கொண்டுபோன கப்பை என் கையில் திணித்தார்.

"கக்கூஸ் போறவன்கூட இதைவிட லேட்டா வருவான், தங்கச்சி!"

ஆனாலும் மூன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்தோம்.

நவம்பர் 10

ஐந்துக்கு மூன்று, ஜெயித்தோம். அதில் இரண்டு புள்ளி தடுப்பவர்களே எடுத்தது. சூப் பனிக்கட்டி.

நவம்பர் 25

சாப்பாட்டு அறையில் இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனி மேசை. ஃபலேயோலோ தடுப்பவர்கள் மேசையிலிருந்தே கத்தினார்: "டேய் வோமாக், பந்து எப்படி இருக்கும்னு ஞாபகம் இருக்கா? பழுப்பா, முட்டை மாதிரி!"

வோமாக்தான் தாக்கும் கூட்டத்தின் தலைவர். "நீ தின்னது போக மிச்சம் இருந்தா காட்டுடா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். ஆனால் ஃபலேயோலோ எழுந்திருக்க மேசையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. ஓய்வே இல்லை அவர்களுக்கு.

வோமாக்கிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்து போனேன்.

"என்னம்மா?"

"உப்பு..."

எடுத்துக் கொடுத்தார்.

டிசம்பர் 29

தொடர்ந்து மூன்று தோல்வி. மூன்றும் கடைசிக் கால்பகுதியில்.

சுரங்க ஷிஃப்ட் முடித்து அப்பா கூப்பிட்டார். "கடைசில நம்ம பசங்க நிக்கவே முடியலையே, ஐலா. நீ சோறு போடறியா இல்லையா?"

ஞாயிறு தோற்றால் இந்த வருஷம் அவ்வளவுதான். சொல்லேன்டி. வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஜனவரி 4

இடைவேளை. நடைவழியில் வோமாக் எதிரே வந்தார். "மறுபடி உப்பா?"

"இல்ல." சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கடைசிக் கால்பகுதி. ஒன்பதுக்கு ஆறு, நாம் முன்னால். எட்டு நிமிஷம் பாக்கி, பந்து நம் தாக்குபவர்களிடம். மூன்று கெஜம். நான்கு கெஜம். குவியலாக விழுந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். அழகே இல்லை. புள்ளியும் இல்லை. ஆனால் கடைசி நொடி வரை பந்தை விடவில்லை.

பெஞ்சில் ஃபலேயோலோ உறிஞ்சிப் பார்த்தார். "இதுல கேரட் போடுவியா? இவ்வளவு நாளா சொல்லவே இல்ல!" இரண்டாவது கப் கேட்டார். மூன்றாவதும். ஆட்டம் முடிந்து, ஜெயித்து, வோமாக் மூச்சிரைக்க வந்து கை நீட்டினார். பாத்திரம் காலி.

"அவனுங்களை என்னடி பண்ணின?" என்றார் அப்பா ஃபோனில்.

"ஒண்ணும் இல்லப்பா."

உன்னிடம் சொல்கிறேன். நடைவழியில் நான் கேட்டது இவ்வளவுதான்:

"புள்ளி எடுக்கலைன்னாலும் பரவாயில்லண்ணா. ஒரு கப் சூப் குடிக்கிற நேரம் மட்டும் பந்தை வச்சிருங்க."