மணி அடிக்கும் முன்னே

என் கண்ணு அன்செல்மோவுக்கு, அம்மா எழுதறது. இங்கே நாங்க மூணு பேரும், மாடுகளும், அந்தத் தின்னிப்பண்டார நாயும் நோய்நொடி இல்லாம இருக்கோம். கடல் தாண்டி வாலென்சியாவுல நீயும் அப்படியே இருக்கணும். குளிருக்கு இடுப்பு வலிக்குதா? போன்ல கேட்டா ஒண்ணுமில்லம்மான்னு ஒரே பாட்டுத்தான் பாடுவே. போன்ல பேசாம எதுக்கு எழுதறேன்னா, இந்த வீட்ல எதைப் பேசினாலும் உங்கப்பா காதுல விழுந்துடும்.

ஞாயித்துக்கிழமை நம்ம ஊர்ல பழக்காத குதிரைச் சவாரிப் போட்டி, உன் தம்பி லிசாந்த்ரோ இறங்கினான். ஜெயிச்சா ஜனவரிப் பெருவிழாவுக்குப் போகலாம், நம்ம ஊர்க்காரன் ஒருத்தனும் இதுவரைக்கும் போனதில்லை, ஆறு மாசமா அவனுக்குச் சோறு தண்ணி எல்லாம் இந்த நினைப்புத்தான். சீட்டுப் போட்டதுல வந்தது யாருன்னு நினைக்கிறே, மாமியார்னு பேர் வெச்சிருக்காங்களே, அந்தக் கறுப்புக் குதிரை. இவன் வாய் சும்மா இருக்குமா, மாமியாரை இப்பவே அடக்கிட்டேன்னா அப்புறம் எவளைக் கட்டினாலும் கவலையில்லைன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டான். சேணமில்லாச் சவாரி, மணி அடிக்கற வரைக்கும் எட்டு விநாடி தாக்குப்பிடிக்கணும். மணி அடிச்சதும் பக்கத்துல வந்து ஆளைத் தூக்கற ரெண்டு துணைக்குதிரைக்காரர்ல ஒருத்தர் வழக்கம்போல உங்கப்பா.

கம்பத்துல கட்டியிருந்த குதிரையை அவிழ்த்து, கண்துணியை உருவினதும் அது எகிறின எகிறுல சவாரியைப் பாட்டாவே கட்டிப் பாடற பாட்டுக்காரர் பாதி அடியில நின்னுட்டார். நான் ஜெபமாலையைப் பிடிச்சுக்கிட்டு எண்ணினேன். அஞ்சு வரைக்கும் பையன் ஒட்டவெச்ச மாதிரி இருந்தான். ஆறுல ஒருபக்கம் லேசாச் சாய்ஞ்சான், நிமிர்ந்திருப்பான்டா, சத்தியமா நிமிர்ந்திருப்பான். அதுக்குள்ள உங்கப்பா பாய்ஞ்சு, இடுப்புல கையைக் கொடுத்துத் தூக்கித் தன் குதிரையில போட்டுக்கிட்டார். அப்புறம்தான் மணி அடிச்சுது. சவாரி செல்லாதுன்னுட்டாங்க நடுவருங்க.

முப்பது வருஷமா மணிக்கு முன்னாடி ஒரு அடி எடுத்து வெக்காத மனுஷன். ஜனங்க விசில் அடிக்குது. லிசாந்த்ரோ இறங்கித் தொப்பியைத் தரையில வீசிட்டு, "மணியைக் கேக்கத் தெரியாதவருக்குக் குதிரை எதுக்கு?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டான். அன்னைக்கிலிருந்து மகன் சமையலறையில, அப்பன் கொட்டகையில. ஒரே குவளையில கைமாத்திக் குடிச்ச மாத்தே டீ இப்ப ரெண்டு குவளையில போகுது, நடுவுல கெட்டிலைத் தூக்கிக்கிட்டு நான் அலையறேன்.

உனக்குத் தெரியுமோ என்னமோ, தெரியாட்டி இப்பத் தெரிஞ்சுக்கோ. நாலு வருஷம் முன்னாடி இதே போட்டியில உன் கை பிடரிக்கயித்துல மாட்டி நீ தொங்கினப்போ, அவர் பக்கத்துலதான் இருந்தார். இன்னும் ஒரு விநாடி, மணி அடிக்கட்டும்னு கடிவாளத்தை இழுத்துப் பிடிச்சார். முன்னாடியே தூக்கியிருந்தா நீயும் இதே மாதிரிக் கத்தியிருப்பே. மணி அடிச்சு அவர் வர்றதுக்குள்ள நீ குளம்புக்கு அடியில. ஆஸ்பத்திரி நடையில இதை எங்கிட்ட ஒரே ஒரு தடவை சொன்னார். நீ நொண்டிக்கிட்டே பஸ் ஏறின அன்னைக்குக்கூட உங்கிட்ட வாய் வரலை அவருக்கு. நீயும் கேட்டதில்லை.

நேத்து விறகு பிளந்துக்கிட்டிருந்த லிசாந்த்ரோகிட்ட இதைச் சொன்னேன். கோடாலியைக் கீழே வெச்சிட்டான். இன்னிக்குக் காலையில தன் குவளையையும் கெட்டிலையும் எடுத்துக்கிட்டுக் கொட்டகைக்குப் போனான், என்ன பேசினாங்களோ தெரியாது, திரும்பி வர்றப்போ கெட்டில் காலி. தம்பி கோபம் தீர்ந்துடும். உங்கப்பாவுக்குத் தன் மேலேயே இருக்கற கோபம்தான் தீராது, அது என்னால ஆகற காரியமில்லை. ஞாயித்துக்கிழமை அவர் தூக்கினது உன் தம்பியை இல்லடா, உன்னை.

வேளைக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டை இல்லாம வெளியே போகாதே. லூஹான் மாதா உன்கூடவே இருக்கட்டும். நாலு வரி எழுது, பெருசா ஒண்ணும் வேண்டாம். ஆனா என் பேருக்குப் போடாதே, உறை மேல அப்பா பேரை எழுது.

உன் அம்மா,
எவுலாலியா